வெளிக்கோட்டில் வெட்டிய வாய்க்கால்

என் அம்மாவுக்கு ஆளைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும். நாடாவெல்லாம் வேண்டாம். பேருந்தில் முன்னால் நிற்கிற மனிதரைக் கண்ணால் காட்டி, "வலது தோள் அரை இன்ச் இறக்கம். அது தெரியாமலே யாரோ சட்டை தச்சுக் குடுத்திருக்காங்க, பாவம்" என்பாள். அவர் இறங்கும்போது நானும் பின்னாலேயே இறங்கி உற்றுப் பார்த்திருக்கிறேன். இறக்கம்தான். அந்தத் தோளுக்காக எங்கள் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி வெயிலில் வீடுவரை நடந்தது தனிக் கதை.

சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றில் அவள் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேல் அடுக்கில் சாக்பீஸால் கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டி எல்லா அடுக்கையும் ஒரே வீச்சில் வெட்டுகிற வேலை. கோடு ஒரு நூல் பிசகினால் ஒரு பள்ளிக்கூடமே கோணல் கழுத்தோடு காலை வரிசையில் நிற்கும். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் 'மாஸ்டர்'. வீட்டில் அப்பாவுக்கும் அப்படியே. ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால் எனக்கும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "வாழ்நாள் பூரா அடுத்தவங்களை மேல ஏத்திவிட்டேன். நான் ஒரே ஒரு தடவை அவசரமா கீழ வந்தேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த ஒரு தடவையில் இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே இரும்பு வைத்துச் சேர்த்தார்கள். இப்போது அவருக்குக் கைத்தடி. கீழ்த்தளத்தின் பின்னறையில் படுக்கை, ஒரு மேசை, மேசையிலும் தரையிலும் அக்கம்பக்கத்தாரின் ஓடாத மின்விசிறிகள். பழுது பார்த்துக் கொடுப்பார். மற்ற அறைகளெல்லாம் மாடியில். மாடிப்படிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது.

பின்னறைக் கதவைத் திறந்தால் கொல்லைப்புறம். அதற்கு மேலே, மேட்டில், ஒரு விளையாட்டு மைதானம். மைதானத்தில் பெய்கிற மழையெல்லாம் எங்கள் களிமண் சரிவில் சறுக்கிக்கொண்டு நேராகப் பின்கதவுக்கு வரும். போன மழைக்காலத்தில் கதவுக்கு அடியில் நுழைந்தே விட்டது. தரையில் கிடந்த ஒரு மின்விசிறியைக் காப்பாற்றக் குனிந்த அப்பா வழுக்கி விழுந்தார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது தண்ணீரில் மல்லாந்து கிடந்தார், மின்விசிறியை நெஞ்சின் மேல் தூக்கிப் பிடித்தபடி.

"ஃபேனுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார்.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்தத் தடவை இரும்பு அசையலை, தப்பிச்சீங்க. இன்னொரு தடவை விழுந்தா எழுந்து நடக்கறது சந்தேகம்தாம்மா" என்று அம்மாவிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்புறத்துக்குப் போய் நின்றாள். புதுத் துணிக்கட்டைப் பிரித்ததும் அதில் எங்கே கறை, எங்கே இழை இழுத்திருக்கிறது என்று ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்ப்பாளே, அந்தப் பார்வை. வெறும் சேற்றை ஒரு மனுஷி அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அடுத்த வாரம் தோட்டம் அமைத்துத் தருகிற ஒருவர் பெரிய படப் புத்தகத்தோடு வந்தார். அன்றே அவருக்கு 'ஆல்பம்' என்று பெயர் வைத்துவிட்டேன். எங்கள் கொல்லைப்புறத்தை அளந்துகொண்டு போய், அதற்கென்றே ஒரு படம் வரைந்து வந்தார். பச்சைப் புல், வளைந்து போகும் கல்பாதை, அதன் ஓரமெல்லாம் கைப்பிடி, நிழலுக்கு ஒரு மரம், மரத்தடியில் பெஞ்சு, பெஞ்சுக்கு மேல் விளக்கு. படத்தின் கீழே தொகை.

அப்பா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல எங்க வீட்டு விலையும் சேர்ந்திருக்கா சார்?"

"எல்லாம் ஒரே மூச்சுல முடிச்சுடலாம் சார். அதுக்கான ரேட்டு."

"எங்களுக்கு அவ்வளவு மூச்சு இல்லீங்க" என்றாள் அம்மா. "இந்தப் படம் எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தாம்மா."

அம்மா மேசை இழுப்பறையிலிருந்து கத்தரியை எடுத்தாள். அவர் 'ஐயோ' என்பதற்குள் படம் துண்டாகிவிட்டது. பாதை தனி, புல் தனி, மரம் தனி, பெஞ்சும் விளக்கும் தனி. ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்து, அவரையே கேட்டாள். "புல்லு போட்டப்புறம் பாதை போட்டா புல்லு என்ன ஆகும்?" மிதிபட்டுப் போகும் என்றார். "பாதை போட்டப்புறம் தண்ணிக்கு வழி பண்ணினா?" பாதையைப் பெயர்க்க வேண்டிவரும் என்றார். அவர் பதில் சொல்லச் சொல்ல துண்டுகள் மேசைமேல் வரிசையில் போய் உட்கார்ந்தன. வருஷத்துக்கு ஒரு துண்டு. முதலில் தண்ணீர், அடுத்து கைப்பிடி வைத்த பாதை, அப்புறம் மண்ணும் புல்லும், அப்புறம் மரம், கடைசியில் பெஞ்சும் விளக்கும்.

முதல் துண்டு வெறும் வெள்ளைக் காகிதம். படத்தில் தண்ணீரை யாரும் வரையவில்லை.

ஆல்பம் கொஞ்ச நேரம் வரிசையையே பார்த்தார். "சரியான வரிசைதாம்மா. நானே இப்படித்தான் செய்யணும்னு நினைப்பேன். ஆனா முதல் வருஷக் காசு மொத்தமும் மண்ணுக்குள்ள போயிடும். கண்ணுல படற மாதிரி ஒண்ணுமே இருக்காது. எந்தக் கஸ்டமரும் ஒத்துக்க மாட்டாங்க."

"காலருக்குள்ள வைக்கிற கேன்வாஸும் கண்ணுல படாதுங்க. அது இல்லாம ஒரு காலரைத் தச்சுப் பாருங்க, நாய் நாக்கு மாதிரி தொங்கும்."

அவருக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. குழாய் எப்படிப் பதிப்பது, எவ்வளவு சரிவு வேண்டும் என்றெல்லாம் கூலி வாங்காமலே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். கொல்லைப்புறத்தின் குறுக்கே ஒரு வாய்க்கால். அடியில் ஓட்டைகள் போட்ட குழாய். குழாயைச் சுற்றியும் மேலும் தரைமட்டம்வரை ஜல்லி. மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி, குழாய்க்குள் புகுந்து, வீட்டு மூலையில் திரும்பி, பக்கச் சுவரோரமாகவே போய்த் தெருச் சாக்கடையில் விழ வேண்டும். சேறு புகாமலிருக்கக் குழாய்க்கு ஒரு துணியுறை போட வேண்டும் என்று அவர் சொன்னபோது அம்மாவின் முகத்தில் விளக்கு எரிந்தது.

"குழாய்க்குச் சட்டையா? மாஸ்டர், பட்டன் வைப்பியா, ஜிப் வைப்பியா?" என்றார் அப்பா.

காசுக்கு அவள் ஒரு வழி செய்தாள். சீருடை வெட்டியதில் மிஞ்சிய துணியில் வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து பைகள் தைத்தாள். நாலு பக்கமும் அடைத்துத் தைத்த பைகள். நோட்டை மடித்துச் செருக ஒரு கீறல் மட்டும் உண்டு. எடுக்க வழி கிடையாது. எடுக்க வேண்டுமானால் தையலைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் மறுபடி அவளைப் போலத் தைக்க எங்கள் தெருவில் ஆளில்லை. சம்பளத்தன்று ஐந்து பைகளுக்கும் பங்கு போகும். கம்பியை வளைத்துக் கீறல் வழியாக ஒரு நோட்டை வெளியே இழுக்க முடியுமா என்று எங்கள் வீட்டில் ஒரு விஞ்ஞானி ஆராய்ச்சி செய்து பார்த்ததாகக் கேள்வி. முடியாது.

குழி தோண்டும் முன் ஒரு மாதிரி செய்து பார்த்தாள். விலையுயர்ந்த துணியை வெட்டுமுன் மலிவுத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்ப்பது அவர்கள் தொழிலில் வழக்கமாம். ஆகவே பழைய படுக்கை விரிப்புகளெல்லாம் கொல்லைப்புறத்துக்கு வந்தன. வெள்ளை விரிப்பு வாய்க்கால், நீலம் பாதை, அப்பாவின் பழைய லுங்கி பெஞ்சு, ஒரு கிழிந்த துண்டு மரம். எல்லாவற்றுக்கும் செங்கல் பாரம். அந்தக் கோடை முழுக்க நாங்கள் துணிகளின் மேல் நடந்தோம். அப்பா கைத்தடியோடு நீல விரிப்பில் நடந்து பார்த்து, "இந்தத் திருப்பத்துல தடிக்கு இடமில்லை மாஸ்டர்" என்பார். அவள் மண்டிபோட்டு விரிப்பைக் கொஞ்சம் தள்ளுவாள். பக்கத்து வீட்டு மாமா தன் மாடியிலிருந்து, "என்னம்மா, ஊரு துணியெல்லாம் காயப் போட்டிருக்கு, ஒண்ணும் காயற மாதிரி தெரியலையே!" என்று விசாரிப்பார்.

ஒருநாள் மரத்தை, அதாவது துண்டை, நான் லேசாக நகர்த்தி வைத்தேன். வேலை முடிந்து வந்த அம்மா பின்கதவில் நின்று ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள்.

"மரம் நாலு விரல் தள்ளி நிக்குது. யார் வேலை?"

"காத்தா இருக்கும்மா."

"செங்கல்லையும் தூக்கி வச்ச காத்தா? சரி. அந்தக் காத்துக்கு இன்னிக்கு டீ கிடையாது."

நாலு விரல்! அந்தக் கண்ணை எங்கே வாங்கினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மழைக்காலம் நெருங்கியபோது முதல் பையின் தையலைப் பிரித்தாள். குழாய் வந்தது. அதற்கு உறை தைத்தாள். கம்பெனி இயந்திரத்தில், உணவு இடைவேளையில், கூடத் தைப்பவர்கள் இது எந்த மலைப்பாம்புக்கு என்று கேட்கக் கேட்க. ஜல்லி வந்து வீட்டு வாசலில் குவிந்தது. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற நீளப் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை அப்பா பின்னறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். மறுமுனையைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்தேன். இரண்டு முனையிலும் தண்ணீரின் மட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிவைக் கணக்கிட்டோம். லிஃப்டை நூல் பிடித்தாற்போல் நிறுத்தியவர் அல்லவா, அந்த வேலையில் அப்பாவை அசைக்க முடியாது. அம்மா கயிறு கட்டிச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டாள். மறுநாள் காலை மண் தோண்டும் வண்டிக்காரரிடம் இடத்தைக் காட்டிவிட்டுக் கம்பெனிக்குப் போனாள்.

சாயங்காலம் வந்தவள் கையிலிருந்த பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

வாய்க்கால் நாங்கள் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு அகலத்தில் கிடந்தது. மாடி மாமா, "கப்பல் எப்போ வருது?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

"யாரு தம்பி இவ்வளவு அகலமா வெட்டச் சொன்னது?"

வண்டிக்காரர் திருதிருவென்று விழித்தார். "நீங்கதாம்மா. 'வெளிக்கோட்டுல வெட்டு, உள்கோட்டுல வெட்டிடாதே'ன்னு ரெண்டு தடவை சொன்னீங்களே."

துணியில் எப்போதும் இரண்டு கோடு உண்டு. உள்கோடு, தைப்பதற்கு. வெளிக்கோடு, வெட்டுவதற்கு. இரண்டுக்கும் நடுவே இருப்பது தையலுக்காக விடுகிற துணி. இத்தனை வருஷமும் முதல் கோடு முடிந்ததும் அவள் கை தன்பாட்டுக்கு இரண்டாவது கோட்டைப் போட்டுவிடும். இங்கேயும் போட்டிருக்கிறது. வாய் வழக்கம்போல வெளிக்கோட்டில் வெட்டச் சொல்லியிருக்கிறது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த எனக்கும் தோன்றவில்லை.

"என்னங்க," என்றாள் அப்பாவிடம், மெதுவாக. "மண்ணுக்குத் தையல் விட்டுட்டேங்க."

அப்பா வெடித்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா சிரிக்காததைப் பார்த்து நடுவிலேயே நிறுத்தினார்.

ஜல்லி உள்கோட்டின் கணக்குக்கு வாங்கியது. இந்தக் குழியில் கொட்டினால் பாதிதான் நிரம்பும். மீதியை மண்ணால் மூடினால் அந்தக் களிமண் தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீர் மேலோடு தாண்டி, பழையபடி அப்பாவின் கதவுக்கே வரும். இன்னும் அவ்வளவு ஜல்லிக்கு முதல் பையில் மிச்சமில்லை.

அம்மா இரண்டாவது பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கைப்பிடி வைத்த பாதைக்கான பை. தையல் பிரிக்கிற சின்னக் கொக்கியை எடுத்து முதல் தையலுக்குள் நுழைத்தாள்.

"பிரி மாஸ்டர்," என்றார் அப்பா. "பாதைதானே, பின்னால பாத்துக்கலாம். நான் எங்க ஓடிடப் போறேன்?"

சொன்னவர் தலையைத் திருப்பி மின்விசிறி ஒன்றைத் தூசி தட்ட ஆரம்பித்தார். அதில் தூசியே இல்லை. கோடை முழுக்க அந்த நீல விரிப்பில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய்வந்தார் என்று நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கொக்கி தையலுக்குள்ளேயே நின்றது. அம்மா இழுக்கவில்லை. அவள் பார்வை பின்னறையைச் சுற்றியது. சுவர், படுக்கை, அலமாரி. அலமாரியில் நின்றது. அது துணி வெட்டுமுன் பார்க்கிற பார்வை.

"வாலு," என்றாள். வீட்டில் என் பெயர் அது. "அலமாரிக் கதவுகளைக் கழட்டு."

"எந்த அலமாரிம்மா?"

"எல்லா அலமாரியும்."

கதவுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் உள்கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் செங்குத்தாக நிறுத்தினோம். இரண்டு கதவுகளுக்கும் நடுவே குழாய், அதன் மேல் ஜல்லி. கதவுகளுக்கு வெளிப்புறம், தோண்டிப் போட்ட அதே களிமண். மண்ணை மிதித்து இறுக்கியதும் கதவுகளை மேலே உருவிவிடுவோம். அகலக் குழிக்குள் ஒரு குறுகிய வாய்க்கால் நிற்கும், வாங்கிய ஜல்லி தரைமட்டம்வரை வரும். அப்புறம் கதவுகளை அடுத்த துண்டுக்கு நகர்த்துவோம். விட்ட தையலை அவள் உள்ளே மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒரு கொல்லைப்புறத்துக்கு!

முதல் ஜோடிக் கதவுகளை உருவினோம். ஒரு கல்கூடச் சரியவில்லை. வெள்ளை ஜல்லியும் களிமண்ணும் சந்திக்கிற இடம் இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி நேராக நின்றது. நான் வாயைத் திறந்தபடி நிற்க, "ஈ போகப்போகுது, அடுத்ததைத் தூக்கு" என்றாள்.

கம்பெனி விட்டு வந்ததும் இருட்டும்வரை இதே வேலை. மேகம் திரளத் திரள வேகம் கூடியது. எங்கள் வீட்டு மானம் முழுக்க அலமாரிகளில் பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. சமையலறையில் டப்பாக்கள் எல்லோரையும் பார்த்து இளித்தன. மாடி மாமா ஒரு மாலை கீழே இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு மண் மிதித்தார். அப்பா வாசற்படி நாற்காலியிலிருந்து தண்ணீர் மட்டம் பார்த்து, "அந்த இடம் ஒரு விரல் தூக்கியிருக்கு. இறக்கு, இறக்கு... நில்லு!" என்று லிஃப்டை நிறுத்துவதுபோலக் கத்திக்கொண்டே இருந்தார். இரண்டாவது பை அலமாரியின் மேல் தட்டில், கொக்கி குத்திய ஒரே ஒரு ஓட்டையோடு, முழுசாக இருந்தது.

கடைசி ஜோடிக் கதவுகளை உருவிக் கழுவி மாட்டி முடித்த வாரத்தில், ஒரு விடுமுறை நாள் மத்தியானம், வானம் உடைந்தது.

"காலைக் கட்டிலை விட்டுக் கீழே இறக்கக் கூடாது" என்று அப்பாவுக்கு உத்தரவு. பின்கதவில் சாக்குகளோடு நான் காவல். அம்மா குடையை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனாள். "அங்க வெளிய வந்தாதான் இங்க உள்ள வரலைன்னு அர்த்தம்" என்றாள் போகிற போக்கில்.

மைதானம் நிரம்பி வழிந்தது. சரிவில் தண்ணீர் பழுப்பு விரிப்பாக இறங்கியதைப் பார்த்தேன். போன வருஷமும் இப்படித்தான் வந்தது, இதே அகலம், இதே அவசரம். நேராக எங்கள் கதவைப் பார்த்து வந்தது. ஜல்லிக் கோட்டைத் தொட்டது.

தொட்ட இடத்தில் காணாமல் போனது.

எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஓடை பாய்ந்துகொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் வெறும் ஈர மண், அதில் மழைத்துளி விழுந்த புள்ளிகள். நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கல். யாரோ மழையிடம் 'இதுவரைக்கும்தான்' என்று சொல்லி, மழையும் 'சரிங்க மாஸ்டர்' என்று தலையாட்டியதுபோல் இருந்தது. நான் பிடித்திருந்த சாக்கு நழுவியது.

"என்னடா ஆச்சு? பேசு!" என்று கட்டிலிலிருந்து அப்பா.

"உள்ள போகுதுப்பா! எல்லாம் உள்ள போகுது!"

"உள்ள போறது இருக்கட்டும். வெளிய வருதா?"

அதை நான் யோசிக்கவில்லை. வெளியே வராவிட்டால் எங்கேயோ அடைத்துக்கொண்டு நிரம்புகிறது என்று பொருள், நிரம்பினால் தாண்டும். தெருவுக்கு ஓடினேன்.

அம்மா சாக்கடையோரம் குந்தியிருந்தாள். சுவரிலிருந்து நீட்டியிருந்த குழாய்வாய்க்குக் குடை பிடித்திருந்தாள், மழைத்தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் குழப்பிக்கொள்ளக் கூடாதாம். அவள் தலைக்குக் குடை இல்லை. சேலையெல்லாம் தொப்பல். குழாய் காய்ந்து கிடந்தது.

"பின்னால?" என்றாள்.

"கோட்டைத் தாண்டலைம்மா. ஆனா கல்லுக்குள்ள மட்டம் ஏறுதோன்னு..."

அவள் குழாய்வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்தே தோளளவு சொல்கிறவள், மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன்.

குழாய் இருமியது. உண்மையாகவே, தொண்டையில் சளி கட்டிய தாத்தாவைப்போல ஒரு இருமல். அப்புறம் உள்ளே எங்கோ ஒரு களக்களக். கலங்கல் நீர் கொஞ்சம் வழிந்து சுவரில் ஒழுகியது. மறுபடி ஒன்றுமில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன், நல்ல வலி.

பிறகு வந்தது. முதலில் விரல் கனத்தில், சேறாக. பின் கைக் கனத்தில். பின் குழாய்வாய் நிறைய, சேற்றையெல்லாம் துணியுறைக்கு வெளியே விட்டுவிட்டு, தெளிந்த தண்ணீர் வளைந்து வளைந்து விழுந்தது. அத்தனை பெரிய மைதானத்தின் மழை, கறுப்பு மேகத்தில் பாதி, எங்கள் அம்மா போட்ட கோட்டில் வந்து, அவள் திருப்பிய மூலையில் திரும்பி, அவள் சொன்ன இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அம்மா அழுதாளா என்று என்னைக் கேட்காதீர்கள். மழையில் எப்படிச் சொல்வது?

பின்னால் டக், டக் என்று தடிச் சத்தம். அப்பா வீட்டுக்குள்ளே பின்னறையிலிருந்து முன்வாசல்வரை நடந்து வந்து படியில் நின்றிருந்தார்.

"கட்டிலை விட்டு இறங்காதீங்கன்னு சொன்னேன் இல்ல?" என்று அம்மா பதறி எழுந்தாள்.

"தரை காஞ்சு கிடக்கு மாஸ்டர்," என்றார் அப்பா. "வழுக்கி விழலாம்னு பாத்தாக்கூட வழியில்லை."

அம்மா குழாய்க்குப் பிடித்திருந்த குடையைக் கொண்டுபோய் அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அவர் அவள் தோளைப் பற்றிக்கொண்டு ஒரு படி இறங்கி, எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

தெருவில் நனைந்தபடி போன ஒருவர் எங்கள் மூவரையும் பார்த்து வேகத்தைக் குறைத்தார். "என்ன சார், இந்த மழையில நின்னு என்ன பாக்கறீங்க?"

"எங்க தோட்டத்தை" என்றார் அப்பா.

அவர் குழாயைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்து போய்விட்டார்.